முதுகில் போட்ட ஊசியும் காது மந்தமும்

(தொப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெண்கள் உடல்நலம் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். நான் மயக்க மருத்துவன். எதைப் பேசினால் இந்த ஊருக்குப் பயன்படும் என்று இங்குள்ள செவிலியர்களிடம் கேட்டேன். முதுகுவலி என்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது வேறு. "சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடுகிறீர்களே சார், அதனால் காது மந்தமாகுமா?" என்றார்கள். நல்ல கேள்வி. மயக்க மருத்துவர்கள் கூடிப் பேசும் இடங்களில்கூட இது அதிகம் எழுவதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். முதுகு ஊசிக்குப் பிறகு சிலருக்குக் காது கொஞ்சம் மந்தமாகும், அடைத்ததுபோல் இருக்கும், இரையும். பெரும்பாலும் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் சரியாகிவிடும். நிரந்தரமாகக் கேட்காமல் போயிருந்தால் முதுகு ஊசியின்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் வேறெங்கோ இருக்கும், அதைத் தேட வேண்டும். இனிமேல் பேசப்போவதெல்லாம் இந்தச் சில வரிகளின் விரிவுதான்.

இது ஏதோ நூற்றில் ஒருவரின் கவலை என்று எண்ண வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுக்க எடுத்தால் 21.5 சதவீதம். நம் மாநிலத்தில் தனியார் மருத்துவமனைகளை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 63ஐத் தாண்டுகிறது. இவ்வளவு சிசேரியன் தேவையா என்பது தனி விவாதம். எனக்கு அதில் கடுமையான கருத்து உண்டு, அதை இன்று எடுக்கவில்லை. தொப்பூரிலிருந்து வலியோடு 108இல் ஏறும் பெண் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், சேலம் போனாலும், அறுவை என்று முடிவானால் பெரும்பாலும் அவள் முதுகில்தான் ஊசி ஏறும். நம் ஊர்களில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு முதுகு இந்த ஊசியை வாங்கியிருக்கிறது.

ஊசியின் கதை 1898இல், ஜெர்மனியின் கீல் நகரில் தொடங்குகிறது. ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் கோகேயின் செலுத்தி, இடுப்புக்குக் கீழே வலி தெரியாமல் செய்தார். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர், அது தன் உடம்பில் எப்படி இருக்கும் என்றும் பார்க்க விரும்பினார். உதவியாளர் ஹில்டெபிராண்ட் ஊசியைச் செலுத்தினார். ஊசியும் மருந்துக் குழலும் சரியாகப் பொருந்தாததால் பியரின் முதுகிலிருந்து நீர் ஒழுகிப் போனது. பிறகு இருவரும் இடம் மாறினார்கள். ஹில்டெபிராண்டின் காலில் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள், வலிக்கவில்லை. அன்றிரவு ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். விடிந்ததும் பியருக்குத் தலைவலி. எழுந்து நின்றால் தலை பிளந்தது, கிறுகிறுத்தது, படுத்தால் விட்டது. ஒன்பது நாள் இந்தப் பாடு. ஒழுகிய நீர்தான் காரணம் என்று அவரே ஊகித்தார். முதுகு ஊசி பிறந்தபோதே அதன் பக்கவிளைவும் கூடவே பிறந்துவிட்டது. அந்த விளைவை எழுதி வைத்தவரே அதை அனுபவித்தவராக இருந்ததால்தான் அது இவ்வளவு தெளிவாகப் பதிவானது என்று எனக்குத் தோன்றும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

முதுகில் ஒழுகியதற்கும் காதுக்கும் என்ன தொடர்பு? மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறத்தாழ 150 மில்லி தெளிந்த நீர் இருக்கிறது. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரந்து, பழையதை உறிஞ்சிக்கொள்கிறது. காதின் உள்ளே நத்தைக் கூடு வடிவில் எலும்புக்குள் பதிந்த ஓர் உறுப்பு உண்டு. கேட்பது அங்கேதான் நடக்கிறது. அதற்குள்ளும் நீர். அந்த நீருக்கும் மூளையைச் சூழ்ந்த நீருக்கும் இடையே மயிரிழை போன்ற ஒரு எலும்புக் கால்வாய் ஓடுகிறது. தொப்பையாறு அணையில் நீர்மட்டம் இறங்கினால் கீழே இருக்கும் கிணறுகளிலும் ஊற்று இறங்குகிறதே, அந்தக் கணக்குத்தான் இங்கேயும். முதுகில் ஊசி துளைத்த இடம் உடனே மூடிக்கொள்ளாமல் நீர் கசிந்தால், மூளைநீரின் அழுத்தம் குறையும். கால்வாய் வழியே உள்காதின் வெளியறை நீரும் அழுத்தம் இழக்கும். உள்ளறையில் இருக்கும் இன்னொரு நீர் அழுத்தம் மாறாமல் நிற்பதால், நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு வீங்கி, சவ்வின் அதிர்வு கெடும்.

அப்படிக் கெடும்போது முதலில் அடிபடுவது தாழ்ந்த சுருதி ஒலிகள், ஏறத்தாழ ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை. ஆண்களின் கட்டைக்குரல், தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரியின் உறுமல். பேச்சைப் பிரித்தறிய உதவும் மெய்யொலிகள் மேல் சுருதியில் இருப்பதால் பேச்சு புரிந்துகொண்டுதான் இருக்கும். குறைவும் பத்து, இருபது டெசிபெல் அளவிலேயே இருக்கும். அதனால் பலர் இதைக் 'கேட்கவில்லை' என்று சொல்வதில்லை. 'காது அடைச்ச மாதிரி இருக்கு', 'என் குரலே எனக்கு எங்கேயோ கேக்குது' என்பார்கள். எல்லோருக்கும் இந்தக் கால்வாய் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. வயது ஏறினால் சிலருக்கு அது குறுகி அடைபடுகிறது. ஒரே ஊசி, ஒரே மருந்து என்றாலும் ஒருத்திக்கு அடைத்து இன்னொருத்திக்கு அடைக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

1956இல் அமெரிக்காவின் வாண்டம், டிரிப்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 10,098 முதுகு ஊசிகளின் பின்விளைவுகளைத் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். தலைவலி நூற்றுக்கு 11 பேருக்கு. காதுத் தொல்லை சொன்னவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அது நோயாளி தானாகச் சொன்ன கணக்கு. பின்னாளில் ஆய்வாளர்கள் கேட்பை அளக்கும் ஆடியோமீட்டரை வைத்து, ஊசிக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, ஒன்றும் சொல்லாதவர்களிடமும் சிறு குறைவு தென்பட்டது. 1990இல் புராஸ்டேட் அறுவைக்கு வந்த ஆண்களிடம் 22ஆம் எண் ஊசியையும் 26ஆம் எண் ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஊசியின் எண் கூடினால் தடிமன் குறையும். தடித்த 22ஆல் குத்தப்பட்டவர்களிடம் கேட்புக் குறைவு அதிகம். தடிமன் போலவே முனையின் வடிவமும் முக்கியம். வழக்கமான குவின்கே ஊசியின் முனை இழைகளை வெட்டிக்கொண்டு போகும். 1951இல் வந்த விட்டேக்கர் ஊசியும் 1987இல் வந்த ஸ்ப்ராட் ஊசியும் பென்சில் முனை கொண்டவை. இழைகளை ஒதுக்கிக்கொண்டு நுழைவதால் ஊசியை எடுத்ததும் இழைகள் திரும்பச் சேர்ந்துகொள்ளும். 2018இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 29 நாடுகளின் 110 ஆய்வுகளையும் 31,412 பேரின் விவரங்களையும் ஒன்றாக்கிப் பார்த்தது. இடுப்பில் ஊசி குத்தியபின் தலைவலி வெட்டுமுனை ஊசியில் 11 சதவீதம், பென்சில் முனையில் 4.2. காதுத் தொல்லையும் பென்சில் முனையில் குறைவு என்று அதே ஆய்வு சொல்கிறது.

சிசேரியன் பெண்களுக்கு எப்படி? 2002இல் வந்த ஓர் ஆய்வு அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 24ஆம் எண் ஸ்ப்ராட், 25ஆம் எண் குவின்கே, இரண்டிலுமே தாழ்சுருதிக் கேட்பு குறையவில்லை என்றது. வேறு சில ஆய்வுகளில் சிறு குறைவு தெரிந்து, பிறகு மறைந்தது. இப்போதைய மெல்லிய ஊசிகளில் பயம் சிறிது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். பென்சில் முனை ஊசிக்கு விலை கூட. இருந்தாலும் பிரசவ அறுவைக்கு அதையே வாங்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ஊசியில் மிச்சம் பிடிக்கும் காசை, தலைவலியோடு எழ முடியாமல் படுத்திருக்கும் தாயிடமிருந்து வசூலிக்கிறோம்.

அறுவை மேசையிலேயே, ஊசி போட்ட சில நிமிடத்தில், 'காது அடைக்குது, கண்ணை இருட்டுது, வாந்தி வருது' என்று ஒரு பெண் சொன்னால் அது வேறு கதை. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அதற்கு மருந்து எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும், ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். முதுகில் மெல்லிய குழாய் பொருத்தி அதிக அளவில் மருந்து செலுத்தும் எபிடூரல் முறையில், காது இரைவதும் நாக்கில் உலோகச் சுவை தட்டுவதும் மருந்து ரத்தத்தில் கலக்கிறது என்பதன் முதல் அறிகுறி. நாங்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது அன்பினால் மட்டுமல்ல.

முழு மயக்கம் கொடுக்கும்போது காது வேறு விதமாகப் பாதிக்கப்படலாம். நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு, நைட்ரஜனைவிட முப்பது மடங்குக்கு மேல் ரத்தத்தில் கரையும். காற்று அடைபட்ட இடங்களில் அது வேகமாகப் புகும். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காது அப்படிப்பட்ட ஓர் இடம். மயக்கத்தின்போது அங்கே அழுத்தம் ஏறும், வாயுவை நிறுத்தியதும் இறங்கிச் செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். சளி பிடித்தவர்களுக்கு அடைப்பு சில நாள் நீடிக்கும். கொட்டாவி விட்டு, எச்சில் விழுங்கினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

இப்போது நிரந்தரக் காது மந்தத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் ஊர்ப் பேச்சுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 'ஊசி போட்டுக் காது போச்சு' என்று கிழவிகள் சொல்வதை டாக்டர்கள் சிரித்து ஒதுக்குவார்கள். அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. காசநோய்க்குப் பல பத்தாண்டுகள் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டோம். உயிர்களைக் காத்த அந்த ஊசி சிலரின் காதைப் பறித்தது, சிலரைத் தள்ளாட வைத்தது. அந்த நினைவு கிராமத்தில் இன்னும் இருக்கிறது. ஊசியின் பெயர் மட்டும் மறந்துபோயிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின் இன்றும் பிரசவ வார்டுகளில் இருக்கிறது. பனிக்குடம் உடைந்து நேரமாகிக் காய்ச்சல் வந்தாலோ, தையல் சீழ் பிடித்தாலோ போடுவார்கள். தேவையான மருந்துதான். ஆனால் உள்காதின் மயிர்ச் செல்களை அது கொல்லக்கூடும். அந்தச் செல்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பாதிப்பு மேல்சுருதியில் தொடங்கும், மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்துக்கூட வெளிப்படும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும், நீர் கோத்ததற்காக ஃபியூரோசமைட் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் ஆபத்து கூடும்.

இன்னொரு வகையும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு, சாதாரண அளவு ஜென்டாமைசினே காதைப் போக்கிவிடும். அந்த மாற்றம் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. எனவே கர்ப்பிணியின் அம்மா, அம்மாவின் அக்கா தங்கை, தாய்மாமன் என்று அந்த வழியில் யாருக்காவது 'ஊசி போட்டுக் காது போன' கதை இருந்தால், அதை மருத்துவமனையில் சொல்லுங்கள். வேறு மருந்து இருக்கிறது. ஊர்க்கதை என்று நாம் தள்ளியது ஒரு மருத்துவக் குறிப்பாக இருக்கலாம்.

மயக்க ஊசி, ஜென்டாமைசின் இரண்டுமே ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகள். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக் காது மந்தமானால் அந்தப் பெண்ணுக்கு நினைவில் நிற்பது முதுகில் குத்திய ஊசிதான், ஏனென்றால் வளைத்து உட்காரவைத்துப் போட்டது அது ஒன்றுதான். டிரிப்பில் ஏறிய மருந்தின் பெயர் யாருக்குத் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். என்ன மருந்து, எத்தனை நாள் என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

பியர் தன் தலைவலியைத் தானே எழுதி வைத்தார் என்றேன். நம் தாய்மார்களின் காதை யார் எழுதி வைக்கிறார்கள்? பிள்ளை பெற்ற பச்சை உடம்பு என்று சொல்லி, காற்று புகக் கூடாது என்று காதில் பஞ்சை வைத்துத் தலையைச் சுற்றித் துணி கட்டிவிடுகிறோம். வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறாள். கேட்பு குறைந்திருந்தால் அது பஞ்சா, காதா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பாவிட்டால் 'புள்ள பெத்ததும் மருமகளுக்குத் திமிரு' என்கிறாள் மாமியார். வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரையும் அளந்து கொடுப்பது இன்னொரு வழக்கம். ஏற்கெனவே நீர் கசிந்து தலைவலியோடு, பாலும் கொடுக்கிற பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைப்பது கொடுமை. பத்தியக் குழம்பு, பூண்டு, லேகியம், எல்லாம் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கூடவே தாராளமாகத் தண்ணீரும், ஒரு டம்ளர் காபியும். காபியில் உள்ள காஃபீன் இந்தத் தலைவலிக்குக் கொஞ்சம் தணிப்பு தரும்.

ஆஸ்பத்திரியும் இதில் சளைத்ததல்ல. பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்கக் கருவி வந்துவிட்டது, நல்ல காரியம். சிசேரியன் குழந்தைகள் முதல் இரண்டு நாளில் அந்தச் சோதனையில் தேறாமல் போவது கொஞ்சம் அதிகம். நடுக்காதில் நீர் தங்குவது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மயக்க மருந்தால் பிள்ளை செவிடாகிவிட்டது என்று பதறாமல், இரண்டு நாள் கழித்துத் திரும்பச் சோதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் அப்போது தேறிவிடுவார்கள். இரண்டாம் முறையும் தேறாவிட்டால் விடக் கூடாது. பக்கத்தில் படுத்திருக்கும் தாயிடம் மட்டும் 'உனக்குக் காது எப்படியம்மா?' என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் தையலைப் பார்க்கிறார், பால் வருகிறதா என்று கேட்கிறார். தலைவலி, காது, பார்வை என்று இன்னும் மூன்று சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பஞ்சை எடுக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஒரு இடைச்செருகல். முதுகு ஊசியில் பெண் விழித்திருக்கிறாள். திரைக்கு இந்தப் பக்கம் அவள் காது நன்றாகவே வேலை செய்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் பேசும் அரட்டை, அவள் எடையைப் பற்றிய கிண்டல், 'மறுபடியும் பொண்ணா' என்ற உச்சுக்கொட்டல், எல்லாம் கேட்கிறது. முழு மயக்கத்திலும் நம்ப முடியாது. 2014இல் வெளியான பிரிட்டனின் பெரிய கணக்கெடுப்பு, முழு மயக்கத்தில் சிசேரியன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 670க்கு ஒருவர் இடையில் நினைவு வந்ததாகச் சொன்னார் என்கிறது. எல்லா அறுவைகளையும் சேர்த்தால் 19,000க்கு ஒருவர். பெண்ணின் காதை மயக்க மருந்து என்ன செய்யும் என்று கேட்கிறீர்கள். எங்கள் வாய் என்ன செய்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

எப்போது பதற வேண்டும், எப்போது வேண்டாம்? உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் விடுகிறது, கூடவே காது அடைப்பு என்றால் அது நீர்க்கசிவு. ஓய்வு, தண்ணீர், வலி மாத்திரை, பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். அடங்காவிட்டால் அவள் ரத்தத்தையே 15, 20 மில்லி எடுத்துத் துளையருகே செலுத்தி அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. 1960இல் தொடங்கிய முறை. தலைவலியோடு காதும் தெளிந்தவர்கள் உண்டு. ஆனால் படுத்தாலும் விடாத தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல், கை கால் மரத்தல் இருந்தால் முதுகு ஊசி என்று தட்டிக்கழிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் ரத்தக்கொதிப்பு ஏறும், மூளையின் ரத்தக் குழாயில் உறைவு கட்டும். ஒரு பக்கக் காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனாலும் அவசரம்தான். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சேலத்திலும் தருமபுரியிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பஞ்சு வைத்துக்கொண்டு நாற்பது நாள் காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப்போகும்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு தங்கை துண்டுச்சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார். முதல் பிரசவத்தில் முதுகு ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் காது அடைத்திருந்ததாம், பிறகு சரியாகிவிட்டதாம். இப்போது ஏழாம் மாதம். மறுபடியும் முதுகில் போடலாமா, முழு மயக்கம் கேட்கலாமா? போடலாம், தங்கை. சிசேரியனுக்கு முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் பொருத்துவதில் இருக்கும் ஆபத்து, இரண்டு வாரக் காதடைப்பைவிடப் பெரியது. இப்போதே ஒருமுறை ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட உதவும். மெல்லிய பென்சில் முனை ஊசி கிடைக்குமா என்று கேளுங்கள். போன முறை நடந்ததை மயக்க மருத்துவரிடம் தியேட்டர் வாசலில் சொல்லாதீர்கள், அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அடுத்த மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே தாய்சேய் நல அட்டையில் எழுதச் சொல்லிவிடுங்கள்.